எல்கரின் எனிக்மா வேரியேஷன்ஸ்: ஒலிப்பதிவைக் கேட்டு ரசிப்பது எப்படி?

கேள்வி இது: ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் எனிக்மா வேரியேஷன்ஸ் ஒலிப்பதிவைக் கேட்டேன். ஆரம்பத்தில் வரும் மெட்டு பிடிபட்டது. அப்புறம் சில நிமிடங்களிலேயே அது எங்கே போனது என்று தெரியவில்லை. நடுவில் வரும் நிம்ராட் என்ற பகுதி மட்டும் மனதைப் பிசைந்தது. மற்றதெல்லாம் துண்டு துண்டாக ஓடி முடிந்துவிட்டது. இந்த மாதிரிப் படைப்பை எப்படிக் கேட்க வேண்டும், எந்தப் பதிவைக் கேட்கலாம்?

உங்கள் சிரமம் எனக்கு நன்றாகப் புரிகிறது. வேரியேஷன் வடிவத்தை, அதாவது ஒரே மெட்டைப் பல விதமாக மாற்றி மாற்றிச் சொல்லும் வடிவத்தை, கேட்க உட்காரும் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்: ஒவ்வொரு பகுதியிலும் மூல மெட்டைத் தேடியிருக்கிறீர்கள். கீர்த்தனையில் சங்கதி கேட்டுப் பழகிய காதுக்கு இது இயல்புதான். சங்கதியில் வரி மாறாது, ராகமும் தாளமும் மாறாது, அதற்குள்ளேயே படிப்படியாக வளரும். இங்கே அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. தாளம் மாறும், மைனர் என்ற சோகச் சாயலுள்ள சுர வரிசை மேஜர் என்ற பிரகாசமான சுர வரிசையாகும், வேகம் தலைகீழாகும், சில இடங்களில் மெட்டில் நான்கு சுரம் மட்டுமே மிஞ்சும். அதனால் முழு மெட்டும் திரும்ப வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். மெட்டின் குணங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு, இந்தப் பகுதி அதில் எதை எடுத்துக்கொண்டது என்று கேட்டால் எல்லாம் திறந்துகொள்ளும்.

எனவே முதல் வேலை, தீம் எனப்படும் அந்த மூல மெட்டை நன்றாக மனதில் ஏற்றிக்கொள்வது. அது மொத்தமே 17 தாள அளவுகள் (ஒரு தாளச் சுற்று ஓர் அளவு), ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். ஜி மைனரில், அதாவது ஜி என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்ட மைனரில், வயலின்கள் தொடங்குகின்றன. நான்கு எண்ணிக்கைத் தாளம். முதல் எண்ணிக்கையில் மெட்டு வாய் திறப்பதில்லை. அதன் பிறகு குறில், குறில், நெடில், நெடில். அடுத்த அளவில் மறுபடியும் முதல் எண்ணிக்கை மௌனம், அப்புறம் நெடில், நெடில், குறில், குறில். அதாவது முதலில் சொன்னதையே திருப்பிப் போட்டுச் சொல்கிறது. இந்த லயத்தைக் கையால் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முதல் தட்டு காலியாக இருப்பதால், தயங்கித் தயங்கிப் பேசுவது போன்ற ஒரு தன்மை மெட்டுக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது, நான்காவது அளவுகளில் மெட்டு ஒரே தாவலில் ஏழு சுரம் கீழே விழும். அந்த வீழ்ச்சியைக் கவனிக்கும்படி எல்கரே எழுதியிருக்கிறார். ஆறு அளவு முடிந்ததும் ஜி மேஜரில் நான்கு அளவு நீளமுள்ள ஒரு சிறிய நடுப்பகுதி வரும். இறுக்கம் கொஞ்சம் தளரும். அப்புறம் முதல் மெட்டு திரும்ப வந்து, மேஜர் ஒலியில் முடியும்.

ஆக உங்கள் கையில் மூன்று அடையாளங்கள் இருக்கின்றன: காலியான முதல் எண்ணிக்கையோடு வரும் குறில் நெடில் லயம், அந்த ஏழு சுர வீழ்ச்சி, மைனருக்கும் மேஜருக்கும் இடையிலான ஊசலாட்டம். தீம் பகுதியை மட்டும் சில முறை கேளுங்கள். முணுமுணுக்க வந்துவிட்டால் போதும், அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது, இந்தப் படைப்பு யாரைப் பற்றியது என்று தெரிந்துகொள்வது. 1898 அக்டோபரில் ஒரு நாள் வயலின் வகுப்பு எடுத்துவிட்டுக் களைத்து வீடு திரும்பிய எல்கர், பியானோவில் உட்கார்ந்து கைபோன போக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆலிஸ் ஒரு மெட்டைக் கேட்டு, அது நன்றாக இருக்கிறதே என்றார். இன்னின்ன நண்பர் இந்த மெட்டை வாசித்தால் எப்படி இருக்கும் என்று எல்கர் விளையாட்டாகச் செய்து காட்டத் தொடங்கினார். அந்த விளையாட்டு வளர்ந்துதான் 14 வேரியேஷன்கள் ஆனது. ஒவ்வொன்றும் ஒரு மனிதர். படைப்பைத் தன் நண்பர்களுக்கே காணிக்கையாக்கினார். 1899 ஜூன் 19 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் இசைக்குழு நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர் இதை முதன்முதலில் நடத்தினார். அப்போது எல்கருக்கு வயது 42. அதுவரை இங்கிலாந்தின் வுஸ்டர் வட்டாரத்தில் வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துவந்தவர், அதன் பிறகு நாடறிந்த இசையமைப்பாளர் ஆனார்.

அந்த மனிதர்களைத் தெரிந்துகொண்டு கேட்பது இசையை விட்டு விலகிப் போவதாகாதா என்று சிலர் கேட்பார்கள். இந்தப் படைப்பைப் பொறுத்தவரை ஆகாது என்பதுதான் என் கருத்து. ஏனென்றால் எல்கர் நண்பர்களின் வாழ்க்கைக் கதையைச் சொல்லவில்லை. அவர்களுடைய பேச்சின் ஏற்ற இறக்கம், சிரிப்பு, அவசரம் ஆகியவற்றைத்தான் எடுத்துக்கொண்டார். அவை ஒலியாகவே இருப்பவை. எட்டாவது வேரியேஷனுக்கு முன்னால் வருபவை எல்லாம் இப்படிச் சிறிய, கூர்மையான சித்திரங்கள்.

முதலாவது ஆலிஸ். தீம் முடிந்த இடத்தில் இடைவெளியே இல்லாமல் இது தொடங்கிவிடும். ஓபோ, பஸூன் என்ற குழல் கருவிகள் வாசிக்கும் ஒரு சின்னச் சொற்றொடர் அடிக்கடி வரும். வீட்டுக்குள் நுழையும்போது எல்கர் சீட்டியடிக்கும் மெட்டு அது. இரண்டாவது ஒரு பியானோ வாசிப்பவர். வாசிக்கத் தொடங்கும் முன் கட்டைகள் மேல் விரலை ஓடவிடுவது அவர் பழக்கம், அதைத்தான் வயலின்கள் செய்துகாட்டுகின்றன. மூன்றாவதில் நாடகத்தில் கிழவர் வேஷம் போடும் நண்பரின் குரல் கட்டையாக இருந்து திடீரென்று உச்சத்துக்குத் தாவுகிறது. நான்காவது அரை நிமிடம்தான்: விருந்தாளிகளுக்கு அன்றைய ஏற்பாடுகளை உரக்கப் படித்துச் சொல்லிவிட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போகும் பண்ணைவீட்டுக்காரர். ஐந்தாவதில் ஆழ்ந்த பேச்சு ஒன்று கீழே நடந்துகொண்டிருக்க, நடுநடுவே ஓபோ போன்ற மரக்காற்றுக் கருவிகளின் சிரிப்பு மேலே தெறிக்கும். ஆறாவது இசபெல் ஃபிட்டன், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவைக் கற்றுக்கொண்டிருந்தவர். ஒரு தந்தியிலிருந்து இன்னொரு தந்திக்கு வில்லைத் தாவவைக்கும் பயிற்சி ஒன்றையே எல்கர் மெட்டாக்கிவிட்டார், தனி வியோலாவும் அதைப் பாடுகிறது. ஏழாவது ட்ராய்ட் என்ற நண்பர். பியானோ கற்றுக்கொள்ள அவர் பட்ட பாடு, டிம்பனி முரசின் முரட்டு அடி, கடைசியில் பொறுமையிழந்த ஓர் அறை.

இவற்றை வேகமாகக் கடந்துவிட்டேன். காரணம், கேட்கும்போதும் இவை வேகமாகக் கடந்துபோக வேண்டியவை. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்காதீர்கள். ஆலிஸுக்குப் பக்கத்தில் அந்தப் பியானோக்காரரின் ஓட்டம் வந்து நிற்பதிலும், கதவு சாத்திய சத்தத்துக்கு அடுத்து ஆழ்ந்த மைனர் வருவதிலும் இருக்கிறது சுவை. வரிசை தற்செயலாக அமைந்ததில்லை. ஒன்றின் முடிவு அடுத்ததின் ஆரம்பத்துக்கு நிறம் கொடுக்கிறது.

இப்போது உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். நிம்ராட் என்பது அகஸ்டஸ் யேகர். நாவெல்லோ என்ற இசைப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர், ஜெர்மானியர். அவருடைய பெயருக்கு ஜெர்மனில் வேட்டைக்காரன் என்று பொருள், பைபிளில் வரும் வேட்டைக்காரன் நிம்ராட். எல்கர் சோர்ந்திருந்தபோதெல்லாம் ஊக்கம் கொடுத்து, குறை இருந்தால் நேராகச் சொல்லிவந்த நண்பர். இருவரும் பேத்தோவனின் மெதுவான பகுதிகளைப் பற்றிப் பேசியதன் நினைவு இது என்று எல்கர் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் பேத்தோவனின் பதெத்தீக் என்ற பியானோ சொனாட்டாவின் இரண்டாம் பகுதி சாயலாக எட்டிப்பார்க்கும்.

ஆனால் நிம்ராட்டின் உண்மையான தொடக்கம் அந்த டிராக்கில் இல்லை. முந்தைய வேரியேஷனின் கடைசி நொடிகளில் இருக்கிறது. எட்டாவது வேரியேஷன் வினிஃப்ரெட் நார்பரி என்ற பெண்மணியையும் அவருடைய பழைய வீட்டையும் பற்றியது. ஜி மேஜரில் சாவகாசமாக நடந்து, சிரித்து, ஓய்கிறது. மற்ற எல்லாக் கருவிகளும் நின்றுவிட, முதல் வயலின்கள் மட்டும் ஜி என்ற ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுரம் நிற்கும்போதே அதன் கீழே ஈ ஃப்ளாட் மேஜரின் ஒலி மெல்ல வந்து சேரும். சுரம் அதேதான், யாரும் அதை அசைக்கவில்லை. ஆனால் இதுவரை ஆதார சுரமாக இருந்த ஜி, இப்போது வேறொரு ஆதாரத்தின் மேல் காந்தாரமாக நிற்கிறது. நிம்ராட்டைத் தனியாகப் போட்டுக் கேட்பவர்களுக்கு இந்த இடம் கிடைப்பதே இல்லை. நீங்கள் கேட்கும் செயலியில் டிராக்குகளுக்கு இடையே ஒரு நொடி வெட்டு விழுந்தாலும் இது பாழாகிவிடும். இடைவெளி இல்லாமல் ஒலிக்கும் அமைப்பைப் போட்டுவிட்டு எட்டாவதிலிருந்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நான் சொல்வதில் மிகை எதுவும் இல்லை என்று தெரியும்.

அதற்குப் பிறகு நீங்கள் மனப்பாடம் செய்த தீம் மெட்டை இதோடு ஒப்பிடுங்கள். வளைவு அதேதான். ஆனால் நான்கு எண்ணிக்கை மூன்றாகிவிட்டது, மைனர் மேஜராகிவிட்டது. முக்கியமாக, அந்த மௌனங்கள் போய்விட்டன. தீமில் தயங்கித் தயங்கிப் பேசிய குரல் இங்கே மூச்சு விடாமல் ஒரே இழையாகப் பேசுகிறது. நண்பர் பக்கத்தில் இருக்கும்போது மனிதன் பேசும் விதம் அது. தீம் காதில் இல்லாமல் கேட்டாலும் நிம்ராட் அழகுதான். தீம் காதில் இருக்கும்போது அதற்கு அர்த்தம் கூடுகிறது. வேரியேஷன் என்ற வடிவத்தின் முழுப் பயனும் எனக்கு இந்த ஒரு இடத்தில் தெரிகிறது. பாதி இசையைக் குழு வாசிக்கிறது, மீதிப் பாதியை நம் நினைவு வாசிக்கிறது.

நிம்ராட்டின் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பதிவு என்ற உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதில் இருக்கிறது. அச்சிட்ட இசைத்தாளில் எல்கர் குறித்த வேகம் நிமிடத்துக்கு 52 எண்ணிக்கை. 1926-இல் ராயல் ஆல்பர்ட் ஹால் இசைக்குழுவை வைத்து அவரே பதிவு செய்தபோது நிம்ராட் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1982-இல் பிபிசி சிம்பொனி இசைக்குழுவோடு செய்த பதிவில் அதுவே ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். லண்டனில் போரில் இறந்தவர்களுக்கான ஆண்டு நினைவு நிகழ்ச்சியில் நிம்ராட் வாசிக்கப்படுவதால், இது ஓர் இரங்கல் இசை என்ற எண்ணம் பலருக்கும் படிந்துவிட்டது. எழுதப்பட்டபோது யேகர் உயிரோடு இருந்தார், 1909-இல்தான் இறந்தார். இது ஒரு நண்பருக்கான நன்றி. அதனால் நடையில் ஓட்டம் இருக்கும் பதிவுகளையே நான் விரும்புகிறேன். பெர்ன்ஸ்டைனின் பதிவு உருக்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மெதுவில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றுவிடுகிறது, வளைவு தெரிவதில்லை. தீமின் உறவும் அதோடு மறைந்துவிடுகிறது.

நிம்ராட்டின் முடிவையும் கவனியுங்கள். முழு இசைக்குழுவும் உச்சத்துக்குப் போகும். கைதட்டலுக்கு இடம் வைப்பது போல அங்கேயே முடித்திருக்கலாம், எல்கர் அப்படிச் செய்யவில்லை. சட்டென்று இறங்கி, இரண்டொரு அளவுகளுக்குள் மிக மெல்லிய ஒலியில் நிறுத்திவிடுகிறார். உடனே டோராபெல்லா வருகிறாள். டோரா பென்னி என்ற இளம்பெண்ணுக்கு மோட்ஸார்ட்டின் ஓபரா பாத்திரத்திலிருந்து எல்கர் வைத்த செல்லப்பெயர் இது. அவள் பேச்சில் லேசான திக்கல் உண்டு. மரக்காற்றுக் கருவிகள் அந்தத் திக்கலைக் கேலியில்லாமல், வாஞ்சையோடு படபடவென்று சொல்லும். இதில் தீம் மெட்டைத் தேட வேண்டாம், இழையளவுதான் இருக்கிறது. நிம்ராட்டுக்குப் பின் மூச்சு விட ஓர் இடம் என்ற அளவில் ரசித்தால் போதும்.

அடுத்து பதினொன்றாவது. ஹெரஃபர்ட் தேவாலயத்தின் ஆர்கன் கலைஞர் ஜார்ஜ் சின்க்ளேரின் பெயரில் இருந்தாலும், அவருடைய புல்டாக் நாய் டானைப் பற்றியது இது. வை நதியின் செங்குத்தான கரையிலிருந்து டான் உருண்டு தண்ணீரில் விழுந்தது. இதை இசையாக்கு பார்க்கலாம் என்றார் சின்க்ளேர். எல்கர் ஆக்கிவிட்டார். முதல் அளவில் வயலின்கள் தடதடவென்று கீழே இறங்குவது நாய் விழுவது. இரண்டாம், மூன்றாம் அளவுகளில் கீழ்த்தந்திகளும் பஸூன்களும் துடுப்புப் போடுவது, எதிர்நீச்சலில் கரை தேடுவது. ஐந்தாவது அளவின் பின்பாதியில் ஒரே அடியாக ஒரு குரைப்பு, கரையேறிய மகிழ்ச்சி. எல்லாம் சில நொடிகள்தான். முதல் தடவை தவறவிடுவீர்கள். திரும்பப் போட்டுக் கேளுங்கள். இந்த ஒரு டிராக்கை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேட்பதில் தவறில்லை.

பன்னிரண்டாவது செல்லோ என்ற பெரிய தந்திக் கருவி வாசிக்கும் பேசில் நெவின்சன். தனிச் செல்லோ தொடங்கிவைத்து, முடிவிலும் தனியாக நின்று, அடுத்ததற்குக் கதவு திறந்துவிடும். பதின்மூன்றாவதில் பெயருக்குப் பதில் மூன்று நட்சத்திரக் குறிகள். அப்போது கடற்பயணத்தில் இருந்த ஒரு சீமாட்டியை நினைத்து எழுதியது என்று எல்கர் சொன்னார். வேறு யாரோ என்று சொல்பவர்களும் உண்டு. கிளாரினெட் இங்கே மெண்டல்ஸோனின் அமைதிக் கடலும் இனிய பயணமும் என்ற படைப்பிலிருந்து ஒரு துண்டை வாசிக்கும். அடியில் வியோலாக்களின் அலையாட்டம், அதற்கும் அடியில் டிம்பனி வித்தியாசமாக உறுமும். கப்பல் இயந்திரத்தின் அதிர்வு அது. சாதாரண டிம்பனிக் குச்சியைத் தவிர்த்து, பக்க முரசின் குச்சியாலோ நாணயங்களாலோ வாசிப்பார்கள். நல்ல ஹெட்போனில் அந்த உலோக நடுக்கம் தெரியும். சில பதிவுகளில் அது வெறும் இரைச்சலாகிவிடும். பதிவின் தரத்தைச் சோதிக்க நான் முதலில் போய்ப் பார்க்கும் இடம் இதுதான்.

கடைசி வேரியேஷன் எல்கர் தானே. ஆலிஸ் அவரைக் கூப்பிடும் பெயர் எடூ. ஆலிஸின் சீட்டி மெட்டும் நிம்ராட்டும் இதில் திரும்ப வருகின்றன. தன்னை உருவாக்கிய இருவரைத் தன் சித்திரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். முதல் அரங்கேற்றத்தில் இருந்த முடிவு குறுகியது. போதாது, நீட்டு என்று வற்புறுத்தியவர் யேகர்தான். எல்கர் முதலில் இணங்கவில்லை, பிறகு ஏறக்குறைய 100 அளவுகள் சேர்த்தார். அந்த வடிவம் 1899 செப்டம்பரில் வுஸ்டரில் அவர் நடத்த அரங்கேறியது. நாம் இன்று கேட்பது அதைத்தான். ஆர்கன் சேர்ப்பது நடத்துபவரின் விருப்பம். சேர்த்த பதிவில் கடைசி நிமிடம் தரையே அதிர்வது போல இருக்கும்.

எனிக்மா, அதாவது புதிர், என்ன என்றும் கேட்கத் தோன்றும். இந்தத் தீமுக்குப் பின்னால் வாசிக்கப்படாத இன்னொரு பெரிய தீம் இருக்கிறது என்று எல்கர் சொல்லிவிட்டு, விடையைச் சொல்லாமலேயே 1934-இல் இறந்துபோனார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கள் விடை கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டு ரசிப்பதற்கு அது தேவையில்லை. அந்த நேரத்தில் இன்னொரு முறை தீம் மெட்டைக் கேளுங்கள்.

சரி, பதிவுகள். ஒன்றே ஒன்று சொல் என்றால், பியேர் மோந்தூ 1958-இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு செய்ததைச் சொல்வேன். மோந்தூ பிரெஞ்சுக்காரர். முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் உட்காரவைப்பார். அதனால் ஸ்டீரியோவில் இரண்டு குரல்களும் பிரிந்து கேட்கும், எந்த இடமும் கூழாகாது. சிறு சித்திரங்கள் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருக்கின்றன. நிம்ராட்டில் ஓட்டமும் இருக்கிறது, கனமும் இருக்கிறது. வெதுவெதுப்பான தந்தி ஒலி வேண்டுமென்றால் ஜான் பார்பிரோலி பில்ஹார்மோனியாவோடு 1962-இல் செய்தது. ஏட்ரியன் போல்ட் எல்கரை நேரில் அறிந்தவர், அவர் 1970-இல் லண்டன் சிம்பொனியோடு பதிவு செய்தபோது வயது 80-ஐத் தாண்டியிருந்தது. எங்கும் அவசரமில்லை, எங்கும் இழுவையும் இல்லை. எல்கரின் 1926 பதிவை மூன்றாவதோ நான்காவதோ கேளுங்கள். ஒலி பழையது, ஆனால் அவர் வேகத்தை இழுத்து விடும் விதம், தந்திகள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் விதம் இரண்டையும் வேறெங்கும் கேட்க முடியாது. பெர்ன்ஸ்டைன் எல்லாவற்றுக்கும் பிறகு.

கேட்கும்போது ஒலியளவைத் தீமில் வைத்தே சரிசெய்துகொள்ளுங்கள்: வயலின்கள் மென்மையாக, ஆனால் தெளிவாகக் கேட்க வேண்டும். அதன் பிறகு அதைத் தொடாதீர்கள். நான்காவதில் சத்தம் முகத்தில் அறையும், நிம்ராட்டின் தொடக்கத்தில் காதைக் கூர்மையாக்க வேண்டியிருக்கும், இரண்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். செயலியில் ஒலியளவைத் தானாகச் சமன் செய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். முழுப் படைப்பும் அரை மணி நேரம்தான். வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் ஒரே அமர்வில் கேட்டுவிடலாம்.

இது கைவந்ததும் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1873-இல் எழுதிய ஹைடன் தீம் வேரியேஷன்ஸுக்குப் போங்கள். அந்தத் தீம் ஹைடனுடையது இல்லை என்றுதான் இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அங்கே மனிதர்களும் இல்லை, நாயும் இல்லை. பிடிமானமாக இருப்பது தீமின் விசித்திரமான அளவு: வழக்கமான நான்குக்குப் பதில் ஐந்து அளவுகளாக வரும் சொற்றொடர். முதலில் அந்த ஐந்தை விரலில் எண்ணிக் கேளுங்கள். எட்டு வேரியேஷன்களுக்குப் பிறகு வரும் இறுதிப் பகுதியில், அடிக்குரலில் ஐந்து அளவு நீளமுள்ள ஒரு வரி திரும்பத் திரும்ப ஓடும், மேலே இருப்பது மட்டும் மாறிக்கொண்டே வரும். அந்த அடிவரியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால், முக்கோண மணி ஒலிக்க மூலத் தீம் முழுக் குழுவோடு திரும்பி வருவதை நீங்களே முன்கூட்டி உணர்வீர்கள்.